பட்டைக் கேபிளை இழுக்கும் முன் லாக்கைப் பாருங்கள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தார். கீபோர்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் வேலை செய்யவில்லை. வேறொரு இடத்தில் காட்டியபோது போர்டு போய்விட்டது என்று சொல்லி, அந்த லேப்டாப்பின் இன்றைய மதிப்பில் பாதியைக் கேட்டிருக்கிறார்கள். கீழ் மூடியைக் கழற்றிப் பார்த்தால், கீபோர்டிலிருந்து போர்டுக்குப் போகும் பட்டைக் கேபிள் கனெக்டருக்குள் கோணலாக நிற்கிறது, இடது பக்கம் சரியாக இருக்கிறது, வலது பக்கம் ஒரு மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது. லாக்கைத் திறந்து, கேபிளை வெளியே எடுத்து, நுனியைத் துடைத்து, நேராக உள்ளே விட்டு, லாக்கை மூடினேன். எல்லா எழுத்தும் வந்துவிட்டது.

இப்படி வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். டிவி, பிரிண்டர், லேப்டாப், டிவிடி பிளேயர், காரின் ஸ்டீரியோ, எதைத் திறந்தாலும் உள்ளே இந்த மெல்லிய பட்டை இருக்கும். போர்டு கெட்டுவிட்டது என்று ஒதுக்கப்படும் பொருள்களில் கணிசமானவை இந்தப் பட்டையால்தான் நின்றுபோயிருக்கின்றன. அதைவிட வருத்தமான விஷயம், நன்றாக இருந்த பொருளை வீட்டில் திறந்து பார்க்கும்போது லாக் இருப்பது தெரியாமல் இந்தக் கேபிளை இழுத்துக் கெடுத்துக்கொள்வது. இரண்டையும் தவிர்க்கலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், ஒரு ஸ்கேல், நல்ல வெளிச்சம், போனில் இருக்கும் கேமரா, கொஞ்சம் பொறுமை, இவ்வளவு போதும்.

முதலில் பெயர். கடையில் ஸ்ட்ரிப் என்பார்கள், ஃபிளெக்ஸ் என்பார்கள், ரிப்பன் என்பார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சொல்வதால்தான் தவறான கேபிள் வீட்டுக்கு வருகிறது. நான் இங்கே சொல்லப்போவது எஃப்எஃப்சி, அதாவது ஃபிளாட் ஃபிளெக்சிபிள் கேபிள். தட்டையான மெல்லிய செம்புப் பட்டைகளை வரிசையாக அடுக்கி, மேலும் கீழும் பாலியெஸ்டர் ஃபிலிம் வைத்து ஒட்டியது. வெள்ளை நிறத்தில் இருக்கும், நுனிகளில் மட்டும் ஃபிலிமை விட்டுவிட்டு செம்பை வெளியே காட்டியிருப்பார்கள், அதன் மேல் வெள்ளீயப் பூச்சோ தங்கப் பூச்சோ இருக்கும். நுனிக்குப் பின்புறம் கெட்டியான பிளாஸ்டிக் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும், பெரும்பாலும் நீல நிறம். அதுதான் கேபிள் வளையாமல் கனெக்டருக்குள் போக உதவும் முட்டு.

எஃப்பிசி என்பது வேறு. அது வளையும் சர்க்யூட் போர்டு. தேன் நிறத்தில் அல்லது பழுப்பாக இருக்கும் பாலிஇமைடு ஃபிலிமில், போர்டில் தடம் வரைவதுபோலவே செம்பைத் தேவையான உருவத்தில் அரித்து எடுத்திருப்பார்கள். நேர்பட்டையாக இருக்கவேண்டும் என்பதில்லை, எல் வடிவில் போகலாம், நடுவில் ரெசிஸ்டரோ ஐசியோ கூட உட்கார்ந்திருக்கும். போனுக்குள் இருப்பதெல்லாம் கிட்டத்தட்ட இதுதான். எஃப்எஃப்சியை அளவு சொல்லிப் பொதுவாக வாங்கிவிடலாம், எஃப்பிசியை அந்த மாடலுக்கென்று செய்ததைத்தான் வாங்கவேண்டும். பழைய கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாம்பல் நிறப் பட்டை இன்னொரு இனம், அதில் உருண்டை ஒயர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

லேப்டாப் கீபோர்டின் வால் நான்காவது வகை. ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் ஷீட்டில் வெள்ளிக் கலவை மையால் கோடு அச்சிட்டிருப்பார்கள், அதில் செம்பே இருக்காது. அதில் சால்டரிங் வைத்தால் ஷீட் உருகிவிடும், கோடும் போய்விடும். ஆனால் நுனியும் கனெக்டரும் எஃப்எஃப்சி போலவே இருப்பதால் கழற்றும் முறை ஒன்றுதான். ஒரு கீபோர்டில் நூறு பட்டன் இருந்தாலும் கேபிளில் முப்பது கோடு போலத்தான் இருக்கும், ஏனென்றால் பட்டன்கள் வரிசை-நெடுவரிசைக் கட்டத்தில் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கோடு தொடர்பு இழந்தால் அந்த வரிசையில் உள்ள எல்லாப் பட்டனும் ஒன்றாகப் போகும். இந்த மின் வரிசை கண்ணுக்குத் தெரியும் பட்டன் வரிசையோடு ஒத்துப்போகாது, அந்த மாணவியின் லேப்டாப்பில் எழுத்துகள் சிதறலாகப் போனதற்குக் காரணம் இதுதான். இந்த மாதிரி அறிகுறி வந்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் விழவேண்டும்.

லாக்கைப் படிப்பது

திறக்கும் முன் பவரை எடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் போதாது, மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. டிஸ்பிளே கேபிளை மின்சாரம் இருக்கும்போது எடுத்தால் பேக்லைட்டுக்குப் போகும் ஃபியூஸ் போய்விடும், அப்புறம் கேபிளால் வந்த பிரச்சினை நிஜமாகவே போர்டு பிரச்சினை ஆகிவிடும். அடுத்து போனை எடுத்து, கேபிள் எப்படி உட்கார்ந்திருக்கிறது, நீலப் பக்கம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, எங்கே மடித்திருக்கிறார்கள் என்று தெளிவாக இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள்.

இப்போது கனெக்டர். அதன் மேல் டார்ச் அடித்து, சாய்வாகப் பாருங்கள். நான்கு வகையில் ஒன்றாக இருக்கும்.

அதிகம் வருவது மடிப்பு லாக். கனெக்டர் நீளத்துக்கு கறுப்பு, பழுப்பு அல்லது வெள்ளை நிறத்தில் மெல்லிய மூடி ஒன்று இருக்கும், கதவுபோல எழும்பும். இதிலும் இரண்டு உண்டு, கேபிள் நுழையும் பக்கமே மூடி இருப்பது ஒன்று, கேபிளுக்கு எதிர்ப்பக்கம், அதாவது முதுகுப்புறம் மூடி இருப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கேபிள் பக்கம் நகத்தை வைத்து நெம்புவார்கள், அங்கே அசைய எதுவும் இல்லை, அசைய மறுக்கிறதே என்று பலம் கொடுப்பார்கள், கனெக்டரே போர்டிலிருந்து பெயர்ந்து வரும். எந்த விளிம்பில் மெல்லிய இடைவெளிக் கோடு தெரிகிறதோ அந்த விளிம்புதான் எழும்பும். நகத்தால் நடுவில் வைத்து மெதுவாகத் தூக்குங்கள், தொண்ணூறு டிகிரி எழுந்ததும் நின்றுவிடும், அதற்கு மேல் தள்ளக்கூடாது.

அடுத்தது இழுப்பு லாக். கனெக்டரின் இரண்டு ஓரத்திலும் காதுபோல ஒரு சின்ன நீட்டல் இருக்கும். அந்தக் காதுகளை, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி, கேபிள் வெளியே வரும் திசையில் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். முழுக்க வெளியே வரவேண்டியதில்லை. ஒரே பக்கத்தில் இழுத்தால் அந்தக் காது உடைந்து கையில் வந்துவிடும்.

மூன்றாவது, லாக்கே இல்லாத கனெக்டர். பழைய பிரிண்டர்களிலும் டிவிடி பிளேயர்களிலும் பிட்ச், அதாவது பக்கத்துப் பக்கத்துச் செம்புக் கோடுகளின் நடுவுக்கு நடு தூரம், 1 மி.மீ., 1.25 மி.மீ. உள்ள கேபிள்களுக்கு இது அதிகம் வரும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளின் பிடிதான் லாக். இதில் மட்டும்தான் இழுக்கலாம், அதுவும் நீல முட்டுத் துண்டை இரண்டு விரலால் பிடித்து, நேர்கோட்டில். வெள்ளைப் பகுதியைப் பிடித்து இழுத்தால் முட்டு ஒருபக்கமும் கேபிள் ஒருபக்கமுமாக வரும்.

நான்காவது, போன்களில் இருக்கும் அழுத்திப் பொருத்தும் கனெக்டர், எஃப்பிசியின் நுனியிலேயே ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருக்கும், நேர்மேலே தூக்கினால் வரும். அதில் லாக் தேடாதீர்கள்.

மடிப்பு லாக்கும் இழுப்பு லாக்கும் உள்ளவற்றுக்கு ஜிஃப் என்று பெயர், செருகுவதற்கு விசை தேவையில்லாத கனெக்டர் என்று அர்த்தம். அந்தப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. லாக் திறந்திருந்தால் கேபிள் தானாக வழுக்கிக்கொண்டு வரவேண்டும், தானாக வழுக்கிக்கொண்டு போகவேண்டும். கொஞ்சமாவது பலம் தேவைப்படுகிறது என்றால் லாக் திறக்கவில்லை, அல்லது கேபிள் கோணலாக இருக்கிறது. கையை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

நான் தொழில் பழகிய முதல் வருஷத்தில் ஒரு லேப்டாப் டச்பேட் கனெக்டரின் மூடியை உடைத்துவிட்டேன். முதுகுப்புற லாக் என்பது தெரியவில்லை, மெல்லிய ஸ்குரூடிரைவரை முன்பக்கம் கொடுத்து நெம்பினேன், மூடி இரண்டாகப் போனது. அந்த மூடி அலங்காரத்துக்கு இல்லை, அதுதான் கேபிளை ஸ்பிரிங்குகளின் மேல் அழுத்துகிறது, அது இல்லாவிட்டால் கேபிள் உள்ளே இருந்தும் தொடர்பு இருக்காது. அன்றைக்கு மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வெட்டி ஆப்புபோலச் செருகி, மேலே டேப் ஒட்டி ஓட்டினேன், ஆனால் அது நிற்கவில்லை, கடைசியில் ஹாட் ஏர், அதாவது சூடான காற்று அடிக்கும் கருவி வைத்து, அதே எண்ணிக்கையில் பின்கள் (தொடர்பு முனைகள்) உள்ள கனெக்டரை மாற்றவேண்டி வந்தது. அந்தச் செலவை நான்தான் ஏற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் கனெக்டர் பக்கம் இரும்புக் கருவி கொண்டுபோவதில்லை. நகம், பல்குத்தும் குச்சி, பிளாஸ்டிக் நெம்பி, இவைதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கனெக்டர்கள் தினமும் கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பலவற்றின் டேட்டாஷீட்டில், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில், 20 அல்லது 30 தடவை என்றுதான் போட்டிருப்பார்கள். சோதனை செய்கிறேன் என்று ஒரே கேபிளை விளையாட்டுபோலக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.

மாட்டுவது

கழற்றுவதைவிட மாட்டுவதில்தான் தவறு அதிகம். முதலில் எந்தப் பக்கம் என்று தெரியவேண்டும். திறந்த கனெக்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சின்னச் சின்ன உலோக ஸ்பிரிங்குகள் மின்னும், அவை கீழே, போர்டை ஒட்டி இருக்கின்றனவா, மேலே இருக்கின்றனவா என்று பாருங்கள். கேபிளில் செம்பு தெரியும் பக்கம் அந்த ஸ்பிரிங்குகளைத் தொடவேண்டும். நீலம் எப்போதும் மேலே என்று சிலர் மனப்பாடமாகச் சொல்வார்கள், அது தவறு. பல கனெக்டரில் அப்படித்தான் இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. சிலவற்றில் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் உண்டு, அதில் எப்படி மாட்டினாலும் தொடர்பு கிடைக்கும், எனவே எடுத்துவைத்த படம்தான் அங்கே வழிகாட்டி.

கேபிளை நேராக உள்ளே விட்டு, அடி தட்டும்வரை போகவிடுங்கள். இப்போது லாக்கை மூடும் முன் ஒரு நொடி நின்று பாருங்கள், நீல முட்டின் விளிம்பு அல்லது அதன் மேல் அச்சிட்ட கோடு கனெக்டரின் வாய்க்கு இணையாக இருக்கிறதா? ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் விடாதீர்கள். 0.5 மி.மீ. பிட்ச் கேபிளில் கோணலாகப் போனால் ஒரு பின் பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடும். சரியாக இருந்தால் ஒரு விரலால் கேபிளைப் பிடித்துக்கொண்டு, மற்ற விரலால் மூடியை அதன் இரண்டு முனையிலும் சமமாக அழுத்தி மூடுங்கள். மூடும்போதுதான் கேபிள் பின்னுக்கு நழுவும், அதனால் மூடியபிறகும் ஒரு தடவை அந்த இணைகோட்டைப் பார்க்கவேண்டும்.

வாங்கப் போகும்போது

கேபிளே போய்விட்டது, புதிதாக வாங்கவேண்டும் என்றால் நிறையப் பேர் கேபிளின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். ஏடபிள்யூஎம் 20624 80சி 60வி விடபிள்யூ-1 என்று இருக்கும். அது கேபிளின் அளவு அல்ல, பாதுகாப்புச் சான்று. ஏடபிள்யூஎம் என்றால் கருவிகளுக்குள் பயன்படுத்தும் ஒயர் வகை, 20624 என்பது பாதுகாப்புச் சோதனை செய்யும் யுஎல் அமைப்பின் பட்டியலில் அந்த இன்சுலேஷன் கட்டமைப்பின் எண், 80 டிகிரி செல்சியஸ் வரை, 60 வோல்ட் வரை தாங்கும், விடபிள்யூ-1 என்பது தீப்பிடித்தால் பரவாது என்பதற்கான சோதனை. இ என்ற எழுத்தோடு வரும் எண் தயாரிப்பாளரின் யுஎல் கோப்பு எண். 6 பின் கேபிளிலும் 20624 என்று இருக்கும், 60 பின் கேபிளிலும் அதே எண் இருக்கும். அதை வைத்துத் தேடி வாங்கினால் என்ன வரும் என்று சொல்லவே முடியாது.

நீங்கள் கொண்டுபோகவேண்டியது நான்கு தகவல், பின் எண்ணிக்கை, பிட்ச், நீளம், எந்தப் பக்கம். பின்களை எண்ணுவதற்கு நுனியைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்து, படத்தில் எண்ணுங்கள், இரண்டு தடவை. பிட்ச் என்பது ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கான தூரம். அரை மில்லிமீட்டரை ஸ்கேலில் அளக்க முடியாது, அதனால் மொத்தமாக அளந்து வகுக்கவேண்டும். முதல் பின்னின் இடது விளிம்பிலிருந்து கடைசிப் பின்னின் இடது விளிம்புவரை அளந்து, பின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுங்கள். 30 பின் கேபிளில் 14.5 மி.மீ. வந்தால், 14.5ஐ 29ஆல் வகுக்க 0.5 மி.மீ. சரிபார்க்க இன்னொரு வழி உண்டு, வழக்கமான எஃப்எஃப்சியின் மொத்த அகலம் பின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி பிட்ச்சால் பெருக்கியதற்குச் சமம். அதே 30 பின் கேபிள் 15.5 மி.மீ. அகலம் இருக்கும். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் அளவு சரி. 0.5, 1.0, 1.25 மி.மீ. இவைதான் அதிகம் வரும், எப்போதாவது 0.8, சின்னக் கருவிகளில் 0.3.

நீளத்தை நுனி முதல் நுனிவரை, முட்டுத் துண்டையும் சேர்த்து அளக்கவேண்டும். பழைய கேபிளில் மடிப்பு இருந்தால் விரித்து அளங்கள்.

பக்கம் என்பதுதான் அதிகம் பேர் கோட்டைவிடும் இடம். கேபிளை மேஜைமேல் முறுக்காமல் நேராக வையுங்கள். இரண்டு நுனியிலும் நீலம் மேலே தெரிந்தால் ஒரே பக்க வகை. ஒரு நுனியில் நீலமும் மறு நுனியில் செம்பும் தெரிந்தால் எதிர்ப் பக்க வகை. முதலாவதை டைப் ஏ என்பார்கள், இரண்டாவதை ஒரு தயாரிப்பாளர் டைப் பி என்பார், இன்னொருவர் டைப் டி என்பார். அதனால் எழுத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள், செம்பு ஒரே பக்கமா எதிர்ப் பக்கமா என்று சொல்லிக் கேளுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் வாங்குகிறீர்கள் என்றால் பழைய கேபிளையே கையில் கொண்டுபோய், புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் நல்லது.

வகை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டின் கேமரா கேபிள் நல்ல உதாரணம், வீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்கள் பலரும் முதன்முதலில் தொடும் எஃப்எஃப்சி அதுதான். பை 4 வரையுள்ள பெரிய போர்டுகளில் கேமராவுக்கு 15 பின், 1 மி.மீ. பிட்ச், அகலம் 16 மி.மீ. பை ஜீரோவிலும் 2023இல் வந்த பை 5இலும் 22 பின், 0.5 மி.மீ. பிட்ச், அகலம் 11.5 மி.மீ. பழைய கேமராவைப் பை 5இல் மாட்ட ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் உள்ள கேபிள் வேண்டும். அந்த 15 பின் கனெக்டரில் முதல் பின் கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பும் கோடு, பதினைந்தாவது பின் 3.3 வோல்ட். ஒரே பக்க வகை வேண்டிய இடத்தில் எதிர்ப் பக்கக் கேபிளை நேராக மாட்டினால் செம்பு ஸ்பிரிங்கைத் தொடாது, கேமரா கிடைக்கவில்லை என்று வரும், அவ்வளவுதான், ஆபத்து இல்லை. ஆனால் எப்படியாவது தொடவைக்கவேண்டும் என்று கேபிளை முறுக்கித் திருப்பி மாட்டினால் வரிசை தலைகீழாகிவிடும், 3.3 வோல்ட் நேராகக் கிரவுண்டுக்குப் போகும். கேபிள் ஒழுங்காக உட்கார மறுத்தால், கேபிள்தான் தவறு என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதை வளைத்துச் சம்மதிக்கவைக்கக் கூடாது.

அதே 15 பின்களைக் கொஞ்சம் கவனித்தால் இன்னொன்றும் புரியும். 1, 4, 7, 10 ஆகிய நான்கும் கிரவுண்ட், அவற்றுக்கு நடுவில் இரண்டிரண்டாக டேட்டா ஜோடிகளும் கிளாக் ஜோடியும் போகின்றன. வேகமான சிக்னலுக்கு ஒயர் மட்டும் போதாது, ஜோடிக்கு இருபுறமும் கிரவுண்ட் காவலாக ஓடவேண்டும், ஒரு ஜோடியின் இரண்டு கோடுகளுக்கு இடையிலான மின்மறுப்பு 100 ஓம் பக்கத்தில் நிற்கவேண்டும். டிவியில் மெயின் போர்டிலிருந்து பேனலுக்குப் படச் சிக்னலைக் கொண்டுபோகும் எல்விடிஎஸ் கேபிள் சிலவற்றில் வெள்ளிநிறத் தாள் சுற்றியிருப்பதும் இதற்காகத்தான். அந்த இடத்தில் பின் எண்ணிக்கையும் பிட்ச்சும் பொருந்துகிறதே என்று சாதாரண வெள்ளைப் பட்டையைப் போட்டால் படம் வரும், ஆனால் புள்ளி புள்ளியாக மின்னும், கோடு விழும். கீபோர்டுக்கும் பட்டன் போர்டுக்கும் போகும் கேபிள் ஐந்து சென்டிமீட்டர் கூடுதல் நீளமாக இருந்தால் ஒன்றும் ஆகாது, வீடியோ போகும் கேபிளில் நீளத்தையும் வகையையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னோட்டத்துக்கும் எல்லை உண்டு. 0.5 மி.மீ. பிட்ச்சில் ஒரு பின்னுக்கு அரை ஆம்பியர் போலத்தான். அதனால்தான் பவர் தேவைப்படும் இடங்களில் நான்கைந்து பின்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே வோல்டேஜுக்கு விட்டிருப்பார்கள். அதில் ஒன்றிரண்டு தொடர்பு இழந்தால் மிச்சம் உள்ளவை பாரத்தைச் சுமந்து சூடாகும், நுனி கறுத்துப்போகும். கறுத்த நுனியைப் பார்த்தால் கேபிளோடு கனெக்டரையும் சோதியுங்கள்.

வளைவு

பட்டைக் கேபிள் வளையும், ஆனால் மடிவது வேறு விஷயம். கணக்காகவே பார்க்கலாம். செம்புப் பட்டையின் தடிமன் 0.05 மி.மீ. என்று வையுங்கள். 5 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் வெளிப்புறச் செம்பு 0.5 சதவீதம் நீள்கிறது. நகத்தால் அழுத்தி 0.2 மி.மீ. ஆரத்தில் மடித்தால் அதே செம்பு 12 சதவீதத்துக்கு மேல் நீள்கிறது. செம்பு ஒரு தடவை தாங்கிக்கொள்ளும், ஆனால் அந்த இடம் இறுகிவிடும். விரித்து மறுபடி மடித்தால் மயிரிழை விரிசல் விழும். மறுபடி பயன்படுத்தப்போகும் கேபிளில் தொழிற்சாலையில் மடித்த மடிப்பு மடித்தபடியே இருக்கட்டும், நேராக்கிப் பார்க்காதீர்கள். திசை திருப்ப வேண்டுமென்றால் 45 டிகிரியில் ஒரே தடவை மடிக்கவேண்டும், அதுவும் முட்டுக்குப் பக்கத்தில் கூடாது.

இங்க்ஜெட் பிரிண்டரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஹெட் இடமும் வலமும் ஓடும்போது அதனோடு ஒரு நீளமான பட்டை யு வடிவத்தில் உருண்டுகொண்டே போகும், ஒவ்வொரு வரிக்கும் செம்பின் வேறு வேறு பகுதி வளைந்து நிமிரும். ஆரம் பெரிதாக இருப்பதால் வருஷக்கணக்கில் தாங்குகிறது. பேப்பர் சிக்கியதென்று யாராவது கையை விட்டு இழுத்து, அந்தப் பட்டையில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டால் அங்கிருந்து ஆரம்பிக்கும். ஒரு பிரிண்டர் வந்தது, பக்கத்தின் இடதுபுறம் நன்றாக அடிக்கும், ஹெட் நடுவைத் தாண்டியதும் மஞ்சள் மட்டும் விட்டுப்போகும், திரும்பி வந்ததும் மறுபடி வரும். பவரை எடுத்துவிட்டு, ஹெட்டைக் கையால் மெதுவாக நகர்த்திக்கொண்டே லென்ஸில் பட்டையைப் பார்த்தேன். ஒரு இடத்தில் ஃபிலிமின் மேல் வெளுத்த குறுக்குக்கோடு, அதற்குக் கீழே ஓரத்துச் செம்பில் கறுப்பாக ஓர் இழை. ஹெட் அந்த இடத்தைத் தாண்டும்போது இழை திறக்கிறது, திரும்பும்போது மூடிக்கொள்கிறது. கேபிளை மாற்றியதும் சரியானது.

பிரிண்டரில் இன்னொரு எச்சரிக்கை. ஹெட்டில் செருகியிருக்கும் நுனியில் இங்க் பட்டிருந்தால் பவர் போடாதீர்கள். இங்க் மின்சாரத்தைக் கடத்தும், மின்னழுத்தத்தில் அசையும் படிகத்தால் இங்கைத் தள்ளும் பீசோ வகை ஹெட்டுகளில் 40 வோல்ட் பக்கம் இந்தப் பட்டை வழியாகத்தான் போகிறது. ஈர நுனியோடு ஆன் செய்தால் ஹெட்டும் போர்டும் சேர்ந்து போகும். நுனியைத் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, கனெக்டருக்குள்ளும் ஈரம் இல்லை என்று உறுதியானபிறகுதான் மாட்டவேண்டும்.

சுத்தம், சோதனை

துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம், மொபைல் உதிரிபாகக் கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். பஞ்சு நூல்விடும், அதனால் நூல் விடாத துணியில் நனைத்து, செம்பின் நீளவாக்கில் துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். பென்சில் அழிப்பான் வைத்துத் தேய்ப்பது பழைய பழக்கம். மிகவும் கறுத்திருந்தால் மென்மையான வெள்ளை அழிப்பானால் லேசாக ஒன்றிரண்டு தடவை செய்யலாம், ஆனால் அழுத்தித் தேய்த்தால் மேல்பூச்சு போய் வெறும் செம்பு வெளியே வரும், அப்புறம் சில மாதத்தில் முன்பைவிட மோசமாகக் கறுக்கும். தங்கப் பூச்சுள்ள நுனியில் அழிப்பான் வேண்டவே வேண்டாம். புதுக் கேபிள் வாங்கும்போதும் கனெக்டரில் தங்கம் என்றால் கேபிளிலும் தங்கம், வெள்ளீயம் என்றால் வெள்ளீயம் என்று பொருத்தமாக வாங்குங்கள், இரண்டும் கலந்தால் நாளாவட்டத்தில் தொடர்பு கெடும்.

கேபிள் நல்லதா என்று மல்டிமீட்டரில் பார்க்கும்போது அதன் முனை 0.5 மி.மீ. பின்னுக்குத் தடிமனாக இருக்கும், ஒரே நேரத்தில் இரண்டு பின்னைத் தொட்டு உங்களை ஏமாற்றும். தையல் ஊசி ஒன்றை மீட்டர் முனையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பின்னையும் நுனிக்கு நுனி பாருங்கள், அப்புறம் பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு இடையே ஷார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருபது சென்டிமீட்டர் கேபிளில் ஒரு பின்னுக்கு ஒரு ஓமுக்குள் வரவேண்டும், கால் ஓம் அரை ஓம் பக்கம் காட்டும். பீப் ஒலித்தது என்று உடனே விட்டுவிடாதீர்கள், ஊசியைப் பிடித்தபடியே கேபிளைச் சந்தேகமான இடத்தில் மெல்ல அசைத்துப் பாருங்கள். பிரிண்டர் கேபிளில் சொன்னேனே, அந்த மாதிரி விரிசல் கேபிள் மேஜைமேல் படுத்திருக்கும்போது தன்னைக் காட்டிக்கொடுக்காது.

துண்டான எஃப்எஃப்சியை ஒட்டுப்போட முடியுமா என்று கேட்பார்கள். ஒன்றிரண்டு அகலமான பின் என்றால் ஃபிலிமைச் சுரண்டி ஒயர் வைத்துச் சால்டர் செய்யலாம், பாலியெஸ்டர் சூட்டில் சுருங்கும் என்பதால் கை வேகமாக இருக்கவேண்டும். ஆனால் புதிய கேபிளே மலிவாகக் கிடைக்கும்போது அந்த வேலைக்கு நான் போகமாட்டேன். நுனியில் முட்டு பெயர்ந்து, கேபிள் கனெக்டரில் தளர்வாக இருந்தால் பின்புறம் ஒரே ஒரு அடுக்கு கேப்டன் டேப், அதாவது சூடு தாங்கும் பாலிஇமைடு டேப், ஒட்டலாம், செம்புப் பக்கம் ஒட்டக்கூடாது. வழக்கமான நுனியின் மொத்தத் தடிமன் 0.3 மி.மீ., டேப் இரண்டு மூன்று அடுக்கானால் ஸ்பிரிங் அளவுக்கு மீறி விரிந்து, அடுத்து எந்தக் கேபிள் போட்டாலும் பிடிக்காது. டிவி பேனலின் கண்ணாடி விளிம்பில் ஒட்டியிருக்கும் பட்டைகளைத் தொடவே வேண்டாம், அவை செருகப்பட்டவை அல்ல, கடத்தும் பசை வைத்துச் சூட்டில் ஒட்டியவை, பிரிந்தால் அதற்கென உள்ள மெஷினில்தான் மறுபடி ஒட்டமுடியும்.

எல்லாம் முடிந்ததும் ஸ்குரூ போட அவசரப்படாதீர்கள். மூடியை வெறுமனே வைத்து, பேட்டரியை இணைத்து, ஆன் செய்து, கீபோர்டு என்றால் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள். அப்புறம் அணைத்து, பேட்டரியைக் கழற்றி, கேபிள் போகும் பாதையில் ஸ்குரூ குழி எதுவும் இல்லையா, ஃபேன் பக்கம் சாய்கிறதா என்று பார்த்துவிட்டு முடுக்குங்கள். அந்த மாணவியின் லேப்டாப்பில் கேபிள் கோணலாக வெளியே வந்ததற்குக் காரணம் அதுதான், முன்பு யாரோ திறந்து மூடும்போது பட்டையின் ஓரம் ஸ்குரூ தூணில் மாட்டிக்கொண்டிருக்கிறது, மூடியை அழுத்தும்போதெல்லாம் அது கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்திருக்கிறது. தூணிலிருந்து விலக்கி, பழைய டேப்பை எடுத்துவிட்டுப் புதிய டேப் ஒரு துண்டு போட்டு, அதன் இடத்தில் படுக்கவைத்தபிறகுதான் மூடினேன்.